ஒரு நாள் வகுப்பில் உட்கார விடுங்கள்

தமிழ்நாட்டு இசைக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் பல்கலைக்கழக இசைத்துறைத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். மாயவரம் பக்கம் ஒரு சின்ன ஊரில் வயலின் சொல்லித் தருகிறேன். 26 வருஷம் ஆகிறது. திண்ணையை அடைத்துக் கட்டிய அறைதான் வகுப்பு. காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் முன்னால் நாலு பிள்ளைகள் வருவார்கள், சாயங்காலம் ஏழெட்டுப் பேர். பெரும்பாலான பிள்ளைகள் பத்தாம் வகுப்பு வந்ததும் டியூஷன் என்று நின்றுவிடுவார்கள். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு பிள்ளை மட்டும் பிளஸ் டூ படிக்கும்போது வந்து, "அக்கா, நான் மியூசிக்கே படிக்கப் போறேன்" என்று சொல்லும். அந்த ஒரு பிள்ளைக்காகத்தான் இந்த மடல்.

அந்த வார்த்தையைக் கேட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. சந்தோஷத்தால்தான். மறுநாள் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பிள்ளை வரும். "நீங்களே சொல்லுங்க டீச்சர், எந்தக் காலேஜ்ல சேக்கலாம்?" என்று அந்த அப்பா கேட்பார். அப்போது என்னிடம் நேர்மையான பதில் இருக்காது. எனக்குத் தெரிந்த கல்லூரி ஒன்றுதான், அதுவும் முப்பது வருஷத்துக்கு முந்தி பார்த்தது. இப்போது அங்கே யார் வயலின் சொல்லித் தருகிறார் என்று எனக்குத் தெரியாது. மற்ற கல்லூரிகளைப் பற்றி அதுவும் தெரியாது. விசாரிக்க இடமும் இல்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. சேர நினைக்கிற பிள்ளையை, விண்ணப்பம் போடும் முன்னால், ஒரு நாள் உங்கள் வகுப்பில் ஓரமாக உட்கார விடுங்கள். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

கல்லூரிகளுக்குக் குறைவே இல்லை. சென்னை, திருவையாறு, மதுரை, கோவை என்று நாலு ஊரில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. 2013இல் இசைக்கும் கவின்கலைக்கும் என்று தனிப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து இசைக் கல்லூரியில் 1929 முதல் இசை சொல்லித் தருகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறை, ராணி மேரிக் கல்லூரியில் இசைப் பட்டம், 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா. மேற்கத்திய இசை வேண்டும் என்கிற பிள்ளைக்கு, 2008இல் ஏ.ஆர். ரகுமான் தொடங்கிய கே.எம். கன்சர்வேட்டரி. கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட இசைப்பள்ளிகள் மட்டும் 17. எங்கள் காலத்தை நினைத்தால் இன்றைய பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் இத்தனையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அந்தப் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது?

ஒரு விண்ணப்பப் படிவமும் ஒரு விவரக் குறிப்பும் இருக்கின்றன. வயது வரம்பு என்ன, என்ன படித்திருக்க வேண்டும், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், எத்தனை போட்டோ, கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பாடத்திட்டம்கூடச் சில இடத்தில் இருக்கும். முதல் வருஷம் இத்தனை வர்ணம், இத்தனை கீர்த்தனை என்று. யாரிடம் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் அந்தப் பட்டியல் எந்த வருஷத்தது என்று சொல்ல முடியாது.

பொறியியல் கலந்தாய்வுக்குப் போகிற பிள்ளையைப் பாருங்கள். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு எண். போன வருஷம் எந்தப் பிரிவு எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்ற விவரம். இதையெல்லாம் அலசிச் சொல்வதற்கென்றே ஊர் ஊராகக் கூட்டம் போடுகிறார்கள். இத்தனைக்கும் பொறியியலில் ஒரு பேராசிரியர் சரியில்லை என்றால் பாடப்புத்தகத்தைப் பார்த்தாவது தேறிவிடலாம். எங்கள் பாடம் அப்படி இல்லை. தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்க முடியாது. "க" என்று ஒரு எழுத்து போடலாம், அவ்வளவுதான். அது முந்தின ஸ்வரமான ரிஷபத்திலிருந்து எப்படிக் கிளம்பி, எவ்வளவு அசைந்து, எங்கே நிற்காமல் நிற்கிறது என்பதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். நாம் தப்பாக வாசித்ததும் "இல்ல, இன்னொரு தடவை" என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதுதான் எங்களுக்குக் கல்லூரி.

என் கதையைச் சொல்கிறேன். 1990இல் ஒரு கல்லூரியில் வயலினுக்குச் சேர்ந்தேன். எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. அந்த இடத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, பிற்பாடு அங்கேதான் நல்லதும் நடந்தது. சேர்ந்து மூன்றாவது வாரத்தில்தான் தெரிந்தது, வயலின் ஆசிரியர் அந்த வருஷம் மார்ச் மாதமே ஓய்வு பெற்றுவிட்டார், அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை என்று. வாய்ப்பாட்டு ஆசிரியர் எங்களையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். ரொம்ப நல்ல மனிதர். சாகித்தியத்தை ஒரு எழுத்து சிதையாமல் சொல்லித் தந்தார். அவர் பாடப் பாட நாங்கள் வயலினில் பின்னாலேயே போவோம். காதுக்கு நல்ல பயிற்சி, மறுக்கவில்லை.

ஆனால் அவருக்கு வயலின் தெரியாது. என் இடது கைக் கட்டைவிரல் வயலினின் கழுத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றதை அவர் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் அது தப்பு என்று தெரிந்திருக்காது. வில்லைப் பிடிக்கையில் மணிக்கட்டு இறுகியிருந்ததும் அப்படித்தான். 14 மாதம் அந்தக் கையோடேயே வாசித்தேன், தினம் நாலு மணி நேரம். தப்பை நாலு மணி நேரம் சாதகம் செய்தால் அது எவ்வளவு உறுதியாக உட்காரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ரெண்டாம் வருஷம் நடுவில் ஒரு ஆசிரியர் வந்தார், தற்காலிகமாகத்தான். முதல் நாள் ஒரு வர்ணம் வாசிக்கச் சொன்னார். பல்லவி முடிவதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, என் கட்டைவிரலைத் தன் ரெண்டு விரலால் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். "இது இங்க இருந்தா மேல் ஸ்தாயிக்குக் கை எப்படிம்மா போகும்?" என்றார். திட்டவே இல்லை. நாலு மாதம் முதல் பாடமான சரளி வரிசை மட்டும், அதுவும் ஒரே காலத்தில், அதாவது ஒரே வேகத்தில். கூடப் படித்தவர்கள் தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் மாயாமாளவகௌளையில் ஸ ரி க ம வாசித்துக்கொண்டிருந்தேன். அழுதிருக்கிறேன். அந்த நாலு மாதம் இல்லாவிட்டால் இன்றைக்கு ஒரு பிள்ளைக்கு வயலினை எடுத்துக் கையில் கொடுக்கிற தகுதி எனக்கு வந்திருக்காது.

சேரும் முன்னால் ஒரே ஒரு நாள் அந்தக் கல்லூரியில் உட்கார்ந்திருந்தால் வயலின் வகுப்பில் ஆசிரியர் இல்லை என்று கண்ணுக்கே தெரிந்திருக்கும். வேறு கல்லூரிக்குப் போயிருப்பேன், இல்லையென்றால் ஒரு வருஷம் காத்திருந்திருப்பேன்.

அது பழைய கதை, இப்போது மாறிவிட்டது என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நம்பினேன். ரெண்டு வருஷம் முந்தி என் மாணவி ஒருத்தியோடு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். விடிகாலை பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். தாழ்வாரத்தில் இருபது முப்பது பிள்ளைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு அம்மா. மடியில் சான்றிதழ் வைத்த மஞ்சள் பை. ஒரு பையன் மிருதங்கத்தின் இடது பக்கத்தில் ரவைப் பசை ஒட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். எங்கள் பெண் உள்ளே போய் அஞ்சு நிமிஷத்தில் வந்துவிட்டாள். ரெண்டு காலத்தில் வர்ணம் கேட்டார்கள், ஒரு ராகத்தின் ஆரோகண அவரோகணம் கேட்டார்கள், போகலாம் என்றார்கள். அவளை அவர்கள் பார்த்துவிட்டார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்தவர் பாட்டா, வீணையா, வயலினா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அலுவலகத்தில் போய், "சார், வயலின் யார் எடுக்கிறாங்க?" என்று கேட்டேன். "சேர்ந்தப்புறம் தெரிஞ்சுக்கலாம்மா" என்றார் அங்கிருந்தவர். தன்மையாகத்தான் சொன்னார். அந்தக் கேள்வியை யாரும் கேட்டுப் பழக்கம் இல்லை போல.

அந்தக் காலத்தில் இப்படி இருக்கவில்லை. 1949இல் சென்னையில் அரசு, மத்திய கர்நாடக இசைக் கல்லூரி என்ற பெயரில் இன்றைய அரசுக் கல்லூரியைத் தொடங்கியபோது முதல்வர் பெரிய பாடகரான முசிறி சுப்பிரமணிய ஐயர். திருவனந்தபுரத்தில் 1939இல் தொடங்கிய கல்லூரிக்கு முதலில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர். பாடகர் டைகர் வரதாச்சாரியார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார், அண்ணாமலையில் இருந்தார், கடைசியில் கலாக்ஷேத்ராவுக்கு வந்தார். பாலக்காட்டில் இயற்பியல் பட்டம் முடித்த ஒரு இளைஞர் கலாக்ஷேத்ராவுக்கு வந்து டைகரின் சீடரானார். அவர்தான் பாடகர் எம்.டி. ராமநாதன். பிறகு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். டைகரின் அந்த நிதானமான விளம்ப காலம் எம்.டி.ஆர். பாட்டில் எப்படி இறங்கியிருக்கிறது என்று கேட்டவர்களுக்குத் தெரியும். அதை எந்தப் பாடத்திட்டமும் இறக்கியிருக்க முடியாது. அந்த நாளில் ஒரு பையனிடம் எந்தக் கல்லூரி என்று கேட்டால் அவன் ஒரு மனிதரின் பெயரைச் சொல்லியிருப்பான்.

இன்றைக்கு எல்லாக் கல்லூரியிலும் முசிறியும் டைகரும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மேடையில் பெயர் இல்லாத, ஆனால் பிள்ளையின் கட்டைவிரலைப் பிடித்து இறக்கத் தெரிந்த ஆசிரியர்கள் உங்களிடம் இருக்கிறார்கள். எத்தனையோ பேர். எனக்கு வாய்த்தவர் அப்படிப்பட்டவர். அவர் பெயர் எந்தச் சபாவின் நிகழ்ச்சி நிரலிலும் வந்ததில்லை. அவரைப் போன்றவர்களை வெளியிலிருக்கிற ஒரு பிள்ளை எப்படித் தெரிந்துகொள்ளும்? கச்சேரி செய்கிறவரை மார்கழியில் சென்னைக்குப் போனால் கேட்டுக்கொள்ளலாம். மதியக் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட்டும் கிடையாது. சொல்லித் தருகிறவரைக் கேட்க ஒரே இடம் வகுப்பறைதான். அதன் சாவி உங்களிடம் இருக்கிறது.

ஒரு நாள் உட்கார்ந்தால் என்ன தெரிந்துவிடும் என்று கேட்கலாம். நிறையத் தெரியும். சின்னப் பிள்ளைதானே என்று நினைக்காதீர்கள், எட்டு வருஷம் பத்து வருஷம் கற்றுக்கொண்டு வருகிற பிள்ளைக்குக் காது திறந்திருக்கும்.

முதலில் சுருதி, பாட்டு முழுக்கப் பின்னால் நிற்கிற ஆதார ஒலி. வகுப்பு தொடங்கும் முன்னால் தம்புராவை யாராவது சுருதி சேர்க்கிறார்களா, அல்லது சுருதிப் பெட்டியைத் தட்டிவிட்டு ஆரம்பித்துவிடுகிறார்களா? பெட்டி என்றாலும் தவறில்லை, அது சேர்ந்திருக்கிறதா என்று ஒரு நிமிஷம் எல்லோரும் வாயை மூடிக் கேட்கிறார்களா? அந்த ஒரு நிமிஷத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

அப்புறம் எந்தச் சுருதி. வாய்ப்பாட்டு வகுப்பில் பையன்களும் பெண்களும் சேர்ந்து இருப்பார்கள். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். பையன்களுக்கு ஒரு கட்டை, ஒன்றரை, மிஞ்சினால் ரெண்டு. பெண்களுக்கு அஞ்சு, அஞ்சரை. எல்லோரையும் ஒரே சுருதியில் பாட வைத்தால் ஒரு பக்கம் மேலே எட்டாமல் கத்தும், இன்னொரு பக்கம் கீழே காற்றாகப் போகும். மூணு வருஷம் தன் கட்டையில் பாடாத குரல் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சில ஆசிரியர்கள் ஒரு பாட்டைப் பையன்களின் சுருதியிலும், அடுத்ததைப் பெண்களின் சுருதியிலும் எடுப்பார்கள். சிலர் வகுப்பையே ரெண்டாகப் பிரித்து நேரம் கொடுப்பார்கள். இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது எந்த விவரக் குறிப்பிலும் வராது. உட்கார்ந்து பார்த்தால் பத்து நிமிஷத்தில் தெரியும்.

மூன்றாவது, தனியாக வாசிக்க வைக்கிறார்களா? ஒரு மணி நேர வகுப்பில் 12 பிள்ளைகள் என்றால் ஆளுக்கு அஞ்சு நிமிஷம்தான் வரும். அந்த அஞ்சு நிமிஷமாவது கிடைக்கிறதா, அல்லது 12 பேரும் சேர்ந்து முழங்கிவிட்டு எழுந்து போகிறார்களா? கூட்டமாக வாசிக்கையில் தப்புச் செய்கிற பிள்ளை நல்லா வாசிக்கிற பிள்ளையின் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஒளிந்தே மூணு வருஷம் ஓட்டிவிடலாம். நான் ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டியவள்.

அப்புறம் தப்பு வரும்போது ஆசிரியர் முகம் எப்படி இருக்கிறது. இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதத்தான் வேண்டும். நம் துறையில் கோபக்கார வாத்தியார்கள் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற வழக்கம் உண்டு. ஒரு பிள்ளைக்குக் கண்டிப்பு உரம் மாதிரி, இன்னொன்றுக்கு அதே கண்டிப்பில் வாய் அடைத்துப்போகும். எது தனக்கு ஆகும் என்பதைத் தீர்மானிக்க அந்தப் பிள்ளைக்கு உரிமை வேண்டும். வகுப்பைப் பார்த்தால்தான் அது தீர்மானிக்கும்.

மனோதர்மம், அதாவது அந்த நேரத்தில் தானே கற்பனை செய்து பாடுவது, சொல்லித் தருகிறார்களா என்பதும் அந்த ஒரு நாளில் கண்ணில் படலாம். கல்யாணி ராகத்தில் நாலு தாளச் சுற்றுக்கு ஸ்வரம் பாடு என்று சொன்னதும் பிள்ளைகள் நோட்டைப் புரட்டினால் ஒரு அர்த்தம், கண்ணை மூடிக்கொண்டு தட்டுத் தடுமாறியாவது எதையோ தேடினால் வேறு அர்த்தம். அங்கேயே கற்பனை செய்ய வேண்டிய கல்பனாஸ்வரத்தை எழுதி வைத்துத் தேர்வில் ஒப்பித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு அப்படித்தான் கொடுக்கப்பட்டது.

வகுப்பு முடிந்தபின் அந்தப் பிள்ளை கல்லூரியைச் சுற்றி நடக்கட்டும். சாதகத்துக்கு இடம் எங்கே என்று பார்க்கட்டும். பாட்டு, வீணை என்றால் ஒரு மூலை போதும். எங்கள் பக்கத்துப் பையன்கள் பலர் நாதசுரத்துக்கும் தவிலுக்கும் போகிறவர்கள். அந்த வாத்தியங்கள் கோயில் வெளிப் பிரகாரத்துக்கும் வீதி ஊர்வலத்துக்கும் என்று ஆனவை, எட்டுக்குப் பத்து விடுதி அறைக்கு ஆனவை அல்ல. ஒரு கை விரல்களில் உறை மாதிரிக் கூடு போட்டுக்கொண்டு, மறு கையில் பூவரசங்குச்சியை எடுத்து, விடிகாலை அஞ்சு மணிக்கு ஒரு பையன் தவிலைத் தட்டினால் விடுதிக் காப்பாளர் ஓடி வருகிறார் என்றால் அவன் எங்கே போவான்? விடிகாலைச் சாதகம் போனால் அந்த வாத்தியத்தில் வேகமும் வராது, நாதமும் வராது. மரத்தடியானாலும் சரி, மாட்டுக் கொட்டகை மாதிரி ஒரு ஓட்டுக் கூரையானாலும் சரி, சத்தம் போட ஒரு இடம் இருக்கிறதா என்று அவன் தன் கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும். மூன்றாம் வருஷப் பையன் ஒருவனோடு டீக்கடையில் அரை மணி நேரம் பேசட்டும். அவனுக்கு வேண்டியது அங்கே கிடைத்துவிடும்.

இதற்கு நீங்கள் என்ன மறுப்புச் சொல்வீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். வெளி ஆள் உட்கார்ந்தால் வகுப்பு கெடும் என்பது முதலாவது. குருகுலத்தில் புதிதாகப் போன பையன் மாதக் கணக்கில் பாடவே மாட்டான் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தண்ணீர் எடுத்து வைப்பான், பெரியவர்களுக்குப் பாடம் நடக்கும்போது வாசல்படி ஓரம் உட்கார்ந்து கேட்பான். அவனால் பாடம் கெட்டதில்லை. நான் சொல்லித் தருகிற அறையிலும் எப்போதும் ஒரு அம்மா உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருப்பார், பிள்ளைகள் அவரை மறந்தே விடும்.

ரெண்டாவது மறுப்பு நியாயமானது. ஆசிரியர்கள் நிரந்தரமாக இருப்பதில்லை, மாற்றல் வரும், ஓய்வு வரும், கௌரவ விரிவுரையாளர்கள் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறார்கள், இன்றைக்குப் பார்த்தவர் ஜூனில் இருப்பார் என்று எப்படி உறுதி சொல்வது? உறுதி வேண்டாம். உள்ளதைச் சொன்னால் போதும். விண்ணப்பம் கொடுக்கிற மாதத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். வாய்ப்பாட்டுக்கு இவர், வீணைக்கு இவர், வயலினுக்கு இவர், வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். மிருதங்கத்துக்கு இடம் காலி. காலி என்று எழுத உங்களுக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். அந்த இடத்தை நிரப்பச் சொல்லி நீங்கள் மேலே எத்தனை கடிதம் எழுதியிருப்பீர்கள் என்பதையும் என்னால் ஊகிக்க முடிகிறது. சென்னையிலிருந்து கோப்பு திரும்பி வராததற்கு முதல்வர் என்ன செய்வார்? ஆனால் அந்த வருத்தத்தை ஒரு தாளில் எழுதாமல் விட்டால் அது பதினேழு வயதுப் பிள்ளையின் கைக்குப் போய்விடுகிறது. என் கையில் 14 மாதம் இருந்த மாதிரி. சுவரில் பளிச்சென்று "காலி" என்று இருந்தால் ஒருவேளை மேலே இருப்பவர்கள் கண்ணிலும் படும்.

கல்லூரிக்குள் ஆட்களை விட்டால் குறை கண்டுபிடிப்பார்கள் என்ற தயக்கமும் இருக்கலாம். கண்டுபிடிப்பார்கள்தான். சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது, மின்விசிறி ஓடவில்லை என்று அப்பாக்கள் சொல்வார்கள். பிள்ளைகள் அதைப் பார்க்காது. ஒரு ஆசிரியர் சஹானா ராகத்தில் ஒரு சங்கதியை நாலு தடவை சொல்லிக் கொடுத்து, அஞ்சாவது தடவை ஒரு பிள்ளைக்குச் சரியாக வந்ததும் அவர் முகம் மலர்வதைப் பார்த்துவிட்டால், அந்தப் பிள்ளை ஒழுகுகிற கூரையின் கீழும் வந்து படிக்கும். உங்களிடம் அப்படிப்பட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று மேலேயே சொன்னேன். நல்லா நடக்கிற வகுப்பைத்தான் திறந்துவிடச் சொல்கிறேன், அதைவிட நல்ல விளம்பரம் எந்தக் கல்லூரிக்கும் கிடைக்காது.

இன்னொன்று, இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்தால் என்ன கிடைக்கும் என்று அப்பாக்கள் கேட்கும்போது மழுப்பாதீர்கள். சான்றிதழ், பட்டயம், பட்டம் மூன்றும் மூன்று விதம் என்று பலருக்குத் தெரியாது. மாவட்ட இசைப்பள்ளியின் மூன்று வருஷச் சான்றிதழைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டு எம்.ஏ.வுக்கு விண்ணப்பம் வாங்க வந்த பையனை எனக்குத் தெரியும். வானொலியில் பி, பி-ஹை, ஏ என்று தரம் வாங்கப் பட்டம் தேவையில்லை, குரல் தேர்வில் பாடியோ வாசித்தோ தேற வேண்டும். கல்லூரியில் சொல்லித் தர வேண்டும் என்றால் பொதுவாக முதுகலையும் நெட் மாதிரித் தகுதித் தேர்வும் வேண்டும். தேவாரம் படித்தவருக்குக் கோயிலில் ஓதுவார் பணி உண்டு, நாதசுரமும் தவிலும் படித்தவர்களுக்கும் கோயில் பணியிடங்கள் உண்டு, ஆனால் வருஷா வருஷம் அழைப்பு வராது. பெரும்பாலோர் என்னைப் போல வீட்டில் சொல்லித் தந்துதான் பிழைக்கிறோம். அதில் குறைவு ஒன்றும் இல்லை. இதை அந்த அப்பாவிடம் முகத்துக்கு நேரே சொன்னால் அவர் பயப்பட மாட்டார். தெளிவாகச் சொல்லாததுதான் அவர்களைப் பயமுறுத்துகிறது. பயந்தவர்கள் கடைசி நிமிஷத்தில் பிள்ளையை பி.காம்.மில் போட்டுவிடுகிறார்கள். அப்படி நான் இழந்த பிள்ளைகள் மூன்று பேர். அதில் ஒருத்தியின் காம்போதி ராகம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சரி, எப்போது உட்கார விடுவது? மே மாதம் வேண்டாம். நேர்முகத் தேர்வுக்குப் பிள்ளைகள் வருகிற அந்தச் சமயத்தில் உங்களுக்கு விடுமுறை, வகுப்பறை பூட்டியிருக்கும். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத்தான் இத்தனை வருஷமாகப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு. ஆகவே தை மாதம்தான் தோது. பொங்கல் முடிந்து, திருவையாற்று ஆராதனையும் முடிந்தபின் ரெண்டு வாரம். உங்களுக்குத் தோதான நாலைந்து நாட்களைக் குறித்து, கதவில் ஒட்டி, மாவட்ட இசைப்பள்ளிகளுக்கும் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் ஒரு கடிதம் அனுப்பினால் போதும். என்னைப் போன்ற வீட்டு வாத்தியார்களுக்கு அது எப்படியும் வந்து சேர்ந்துவிடும். டீயும் பிஸ்கட்டும் வேண்டாம், வரவேற்புரையும் வேண்டாம். வழக்கமான வகுப்பு, வழக்கமாக நடக்கிற மாதிரியே நடக்கட்டும். பின்னால் ஒரு பாய் போட்டு வைத்தால் போதும்.

இந்த வருஷம் என்னிடம் ரெண்டு பேர் இருக்கிறார்கள். ஒரு பெண் வயலின். இன்னொருவன் எங்கள் தெருக் கோடியில் தவில் வாசிப்பவரின் மகன். தாள வகுப்புக்கு என்னிடம் வருகிறான், அப்பாவுக்குப் பிறகு வேறொரு கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ரெண்டு பேரின் அப்பாக்களிடமும் பேசிவிட்டேன். ஆராதனை முடிந்த மறுவாரம் அவர்களைக் கூட்டிக்கொண்டு மூன்று கல்லூரிகளுக்கு வருகிறேன். வயலினையும் தவிலையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, காதை மட்டும் கொண்டு வருகிறோம். வாசலில் காவலர் என்ன விஷயம் என்று கேட்டால், வகுப்பைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்வோம். அவரிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
மாயவரம் பக்கத்து வயலின் ஆசிரியை ஒருத்தி